பிரவுனியில் சர்க்கரையைக் குறைக்காதீர்கள், ஃப்ராஸ்டிங்கில் கூட்டாதீர்கள்

நான்கு முறை செய்தும் பிரவுனி கேக் மாதிரியே வருகிறது, மேலே அந்த மெல்லிய பளபளப்பான ஏடு வரவே இல்லை, மேலே தடவிய கிரீம் சீஸ் ஃப்ராஸ்டிங் ஓரங்களில் வழிந்துவிட்டது, நான்காவது தட்டு அப்படியே ஃப்ரிட்ஜில் கிடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இடையில் இரண்டு விவரங்களைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ஃப்ராஸ்டிங் எப்படியும் இனிப்பாக இருக்குமே என்று பிரவுனியில் 200 கிராம் சர்க்கரைக்குப் பதில் 100 கிராம் போட்டீர்கள். ஃப்ராஸ்டிங் இளகியதும், கெட்டியாகட்டும் என்று இன்னும் இரண்டு கைப்பிடி ஐசிங் சுகர் (மாவாகப் பொடித்த சர்க்கரை) சேர்த்தீர்கள். கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. யாருக்கும் இயல்பாகத் தோன்றும் யோசனைகள்தான். ஆனால் செய்ய வேண்டியது இரண்டிலும் நேர் எதிர்.

பிரவுனியில் சர்க்கரை போடுவது இனிப்புக்காக மட்டும் அல்ல. சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மைதாவுக்குப் போக வேண்டிய ஈரத்தில் ஒரு பங்கை அது தன்னிடம் இழுத்துக்கொள்வதால் மாவுக்கு இழுவை தரும் க்ளூட்டன் என்ற புரதம் வலுவாகச் சேராது. முட்டைப் புரதம் உறைவதற்கும் மாவுச்சத்து வெந்து இறுகுவதற்கும் வேண்டிய சூடும் கூடிவிடும். அதனால்தான் ஓரங்கள் வெந்த பிறகும் நடுப்பகுதி இளக்கமாக, பல்லில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கிறது. சர்க்கரையைப் பாதியாக்கினால் இந்தத் தடை போய்விடும். அதே 25 நிமிடத்தில் உள்ளே முழுக்க இறுகி, உதிரியாக, ரொட்டி போல ஆகிவிடும். நீங்கள் சாப்பிட்டது அதைத்தான்.

மேலே வரும் அந்த ஏட்டுக்கும் இதே கணக்குதான். முட்டையில் இருக்கும் நீரில் சர்க்கரை நன்றாகக் கரைந்திருந்தால், ஓவன் சூட்டில் மேற்பரப்பில் சர்க்கரையும் முட்டைப் புரதமும் சேர்ந்து மெரிங்கு (முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் அடித்துக் காயவைத்த இனிப்பு) போல ஒரு மெல்லிய படலமாகக் காயும். சர்க்கரை போதாவிட்டாலோ, கரையாமல் நறநறவென்று அடியில் கிடந்தாலோ மேல்பகுதி மங்கித் தெரியும். உங்களிடம் இருப்பது பெரிய மணிச் சர்க்கரை என்றால் மிக்ஸியில் இரண்டு சுற்று ஓட்டி ரவை போல உடைத்துக்கொள்ளுங்கள், போதும். ஐசிங் சுகரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது கட்டி தட்டாமல் இருக்க அதில் சோள மாவு கலந்திருப்பார்கள்.

ஃப்ராஸ்டிங் தடவப்போகிறோம், அந்த ஏடு யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃப்ராஸ்டிங்கின் ஈரத்தை வாங்கி அது சில மணி நேரத்தில் மெத்தென்று ஆகியும் விடும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நான் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஏடு வந்திருந்தால் சர்க்கரை கரைந்திருக்கிறது, முட்டை போதுமான அளவு அடிபட்டிருக்கிறது என்று ஓவன் கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும்.

சர்க்கரையைக் குறைக்கக் கூடாது என்றால் தித்திப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது? கசப்பாலும் உப்பாலும் புளிப்பாலும். 60 முதல் 70 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட், நல்ல கோகோ பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, மேலே அதிகம் இனிக்காத, புளிப்பு தெரியும் கிரீம் சீஸ். இனிப்பான பிரவுனியின் மேல் புளிப்புள்ள ஒன்றைத் தடவுவது பழைய யோசனைதான். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, தங்கள் ஹோட்டல் உரிமையாளரின் மனைவி பெர்த்தா பாமர் கேட்டுக்கொண்டதன் பேரில், பெண்கள் மதிய உணவுப் பெட்டியில் கொண்டுபோய்க் கையில் எடுத்துச் சாப்பிடக்கூடிய இனிப்பு ஒன்றைத் தங்கள் சமையலறையில் உருவாக்கியதாக அங்குள்ள பாமர் ஹவுஸ் ஹோட்டல் சொல்கிறது. அந்த ஹோட்டல் பிரவுனியின் மேல் வால்நட்டும் ஆப்ரிகாட் பழப்பாகும் இருக்கும். பழத்தின் புளிப்பு அங்கே செய்த வேலையை நம் வீட்டில் கிரீம் சீஸ் செய்கிறது.

இனி அளவு. 20 சென்டிமீட்டர், அதாவது 8 அங்குலச் சதுர டின்னுக்குச் சொல்கிறேன். உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், டார்க் சாக்லேட் 150 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 2, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, மைதா 65 கிராம், கோகோ பவுடர் 30 கிராம், உப்பு அரை டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். விருப்பமிருந்தால் இன்ஸ்டன்ட் காபித்தூள் ஒரு டீஸ்பூன். காபி ருசி தனியாகத் தெரியாது, சாக்லேட்டின் கசப்பை எடுத்துக்காட்டும். பேக்கிங் பவுடரும் சோடாவும் வேண்டாம். முட்டையில் அடித்துச் சேர்த்த காற்றும், வேகும்போது எழும் நீராவியுமே போதும். பேக்கிங் பவுடர் போட்டால் மறுபடி கேக்கிடமே போய்ச் சேருவீர்கள்.

மைதா 65 கிராம் என்பது உங்கள் கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரியும். அதுதான் சரியான அளவு. வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்ந்து 265 கிராம் இருக்கையில் மாவு அதில் கால் பங்குதான். கூடவே ஒரு வேண்டுகோள்: கப்பால் அளக்காதீர்கள். மைதாவை ஸ்பூனால் மெதுவாக அள்ளிப் போட்டு நிரப்பினால் ஒரு கப் 120 கிராம் நிற்கும். அதே கப்பை மாவுக்குள் அழுத்தி எடுத்தால் 150 கிராம்கூட வரும். சாதாரணக் கேக்கில் இந்த வித்தியாசம் ஓரளவு மறைந்துவிடும், இவ்வளவு குறைந்த மாவில் மறையாது. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சாக்லேட் வாங்கும்போது பின்பக்கம் இருக்கும் பொருள்பட்டியலைப் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று எழுதியிருந்தால் அது காம்பவுண்ட். அச்சில் ஊற்றி அலங்காரம் செய்ய அது வசதி, பிரவுனிக்குச் சரிவராது. கோகோ பட்டர் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். ஆறிய பிரவுனி கையில் உறுதியாக நின்று வாயில் போட்டதும் கரைவதற்கு அதுவே காரணம். காம்பவுண்ட் போட்ட பிரவுனி நாக்கில் மெழுகுபோல ஒரு படலத்தை விட்டுச்செல்லும்.

கோகோ பவுடரில் சாதாரண வகையும் டச் வகையும் உண்டு. நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் 1828-இல் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றது. கோகோவைக் காரப்பொருளால் பதப்படுத்தி அதன் புளிப்பை அடக்கும் முறையும் அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். டச் என்ற பெயரின் மூலம் அது. நாம் சோடா போடாததால் எந்த வகையானாலும் வேதியியல் கணக்கு தவறாது. டச் கோகோவில் நிறம் ஆழமாகவும் ருசி சாந்தமாகவும் வரும். கிரீம் சீஸில் ஏற்கெனவே புளிப்பு இருப்பதால் இந்தப் பிரவுனிக்கு எனக்கு டச் கோகோதான் பிடிக்கும்.

செய்முறையில் முதல் வேலை ஓவனை 175 டிகிரி செல்சியஸில் ப்ரீஹீட் செய்வது. விசிறி ஓடும் ஓவன் என்றால் 160 போதும். ஓவனின் குமிழில் எழுதியிருப்பதும் உள்ளே உண்மையில் இருக்கும் சூடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சிறிய ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். டின்னில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு போடுங்கள், பிறகு அப்படியே தூக்கி எடுக்க உதவும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். அது மெதுவாகச் சூடேறி, வெளியே எடுத்த பிறகும் சூட்டை விடாமல் வைத்திருக்கும். நடுப்பகுதி வேகுமுன் ஓரம் காய்ந்துவிடும்.

வெண்ணெயை உருக்கி, சூடாக இருக்கும்போதே கோகோ பவுடரையும் காபித்தூளையும் அதில் கலக்குங்கள். சூடான கொழுப்பில் ஊறும்போதுதான் கோகோவின் மணம் முழுமையாக வெளிவரும். பொடியாக நறுக்கிய சாக்லேட்டைப் போட்டு இரண்டு நிமிடம் தொடாமல் விட்டுக் கிளறினால் அந்தச் சூட்டிலேயே உருகிவிடும். உருகாமல் எஞ்சினால் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் சிறிது நேரம் வைத்தெடுங்கள். கலவையை 45 டிகிரி அளவுக்கு ஆறவிடுங்கள். விரல் வைத்தால் நல்ல வெதுவெதுப்பு, சுடக் கூடாது.

இன்னொரு பாத்திரத்தில் முட்டை, மஞ்சள் கரு, சர்க்கரை, உப்பு, வெனிலா. எலக்ட்ரிக் பீட்டரில் நடுத்தர வேகத்துக்குச் சற்று மேலே வைத்து முழுதாக 5 நிமிடம் அடியுங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கலவை வெளுத்து, கெட்டிப்பட்டு, பீட்டரைத் தூக்கினால் நாடா போல விழுந்து ஒரு கணம் மேலே நின்று அமிழ வேண்டும். ஒரு துளி எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறப்பு ஏறக்குறைய போயிருக்க வேண்டும். முட்டை ஃப்ரிட்ஜ் குளிரோடு இருந்தால் சர்க்கரை கரையத் தாமதமாகும், சாக்லேட்டும் பட்டவுடன் திரிதிரியாக உறையும். அதனால் முட்டையை முன்கூட்டியே எடுத்து வெளியே வையுங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் போட்டு வையுங்கள்.

வெதுவெதுப்பான சாக்லேட்டை முட்டைக் கலவையில் ஊற்றிக் கலந்து, மைதாவைச் சலித்துப் போட்டு, பீட்டரை ஓரம் வைத்துவிட்டு ஸ்பாட்டுலாவால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளைக் கோடு மறைந்த கணத்தில் நிறுத்திவிடுங்கள். கலவை ஊற்றும் பதத்தில் இருக்காது, தள்ளிவிட்டால்தான் டின்னுக்குள் இறங்கும்.

வேகும் நேரம் 22 முதல் 28 நிமிடம். 20-ஆவது நிமிடத்திலிருந்தே கவனியுங்கள். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஒரு குச்சியைக் குத்துங்கள். ஈரமாவு வழிந்தால் இன்னும் நேரமிருக்கிறது. ஈரத் துணுக்குகள் நாலைந்து ஒட்டியிருந்தால் அந்த நொடியே வெளியே எடுங்கள். கேக்குக்குப் பார்ப்பதுபோல குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருந்தீர்கள் என்றால் பிரவுனி கைவிட்டுப் போய்விட்டது. டின்னின் சூட்டில் வெளியே வந்த பிறகும் அது சில நிமிடம் வெந்துகொண்டே இருக்கும். கத்திமுனை போன்ற உணவுத் தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 88 டிகிரியைத் தொட்டதும் எடுக்கலாம். ஓவனிலிருந்து வரும்போது இது வேகவே இல்லையோ என்று பயமாக இருக்கும். ஆறும்போதுதான் கோகோ பட்டரும் வெண்ணெயும் உறைந்து பதம் கூடும்.

ஆறுதல் என்பதை அரைமணி நேரமாக எண்ணிக்கொள்ள வேண்டாம். வெளியே இரண்டு மணி நேரம், பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். தொட்டால் சூடில்லை என்ற நம்பிக்கையில் ஒருமுறை ஒரு மணி நேரத்திலேயே ஃப்ராஸ்டிங் தடவினேன். மேல்பகுதி ஆறியிருந்தது, நடுவில் சூடு ஒளிந்திருந்தது. பத்து நிமிடத்தில் அடியிலிருந்து வெண்ணெய் உருகி, ஃப்ராஸ்டிங் முழுவதும் சறுக்கி ஓரத்துக்கு வந்தது. அன்றிலிருந்து பிரவுனியை முதல் நாள் இரவும் ஃப்ராஸ்டிங்கை மறுநாளும் செய்கிறேன். ஒரு இரவு கிடந்த பிரவுனியின் ருசியும் கூடித்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் இரண்டாவது தொல்லை. கிரீம் சீஸுக்கு அமெரிக்கத் தர விதி குறைந்தது 33 சதவீதம் பால்கொழுப்பு கேட்கிறது, ஈரத்தை 55 சதவீதம் வரை அனுமதிக்கிறது. பாதியளவு தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு தண்ணீரையும் பால் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மென்மையான வலை பிடித்து நிறுத்தியிருக்கிறது. அதன் மேல் சர்க்கரை விழுந்தால் என்ன ஆகும்? நறுக்கிய பழத்தின் மேல் சர்க்கரை தூவி வைத்தால் சிறிது நேரத்தில் சாறு விட்டு நிற்கிறதே, அதேதான். சர்க்கரை தண்ணீரை வெளியே இழுத்து அதிலேயே கரைந்து பாகாகிறது. நீங்கள் கெட்டியாக்கச் சேர்த்த ஒவ்வொரு கைப்பிடியும் இன்னும் கொஞ்சம் பாகைத்தான் உண்டாக்கியது. அதோடு பீட்டரும் ஓடிக்கொண்டிருந்தால் வலையும் அறுந்துவிடும். பிறகு எதைச் சேர்த்தாலும் பழைய பதம் திரும்பாது.

எனவே வரிசையை மாற்றுங்கள். 200 கிராம் கிரீம் சீஸுக்கு வெண்ணெய் 60 கிராம், ஐசிங் சுகர் 90 கிராம் போதும். வெனிலா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் மட்டும் இளகியிருக்கட்டும்: விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், பிசுபிசுவென்று எண்ணெய் மின்னக் கூடாது. 18 முதல் 20 டிகிரி என்பது அந்தப் பதம். முதலில் வெண்ணெயையும் ஐசிங் சுகர் முழுவதையும் 3 நிமிடம் வெளுக்க அடியுங்கள். இப்படிச் செய்யும்போது சர்க்கரையைக் கொழுப்பு சூழ்ந்துகொள்கிறது. கிரீம் சீஸின் தண்ணீரை அது நேரடியாகத் தொடுவது குறைகிறது. அதன் பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த கிரீம் சீஸைச் சிறு துண்டுகளாக, மூன்று நான்கு தவணையாகச் சேர்த்து, எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்துக்கு மேல் அடிக்காதீர்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் மேலே நீர் கசிந்திருந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

பல குறிப்புகளில் கிரீம் சீஸையும் வெளியே வைத்து இளக்கச் சொல்வார்கள். குளிர்ச்சியான சமையலறையில் அது நடக்கும், சூடான சமையலறையில் அதுவே ஆபத்து. கட்டி தட்டுமே என்ற பயம் இருந்தால் சேர்ப்பதற்கு முன் ஸ்பாட்டுலாவால் தனியாக அழுத்தி மசித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கட்டியாக, செங்கல் வடிவில் வரும் முழுக்கொழுப்பு வகையை எடுங்கள். டப்பாவில் ரொட்டிக்குத் தடவ வருவது இளக்கமானது, கொழுப்பு குறைத்தது இன்னும் மோசம். சீஸ் ஸ்ப்ரெட் என்று வரும் உப்புச் சீஸ் வேறு பொருள், பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மஸ்கர்போனே என்ற இத்தாலிய கிரீம் சீஸும் நன்றாக வரும், ஆனால் கொழுப்பு அதிகம் என்பதால் பீட்டர் வைத்தால் சட்டென்று திரிந்துவிடும், கையாலேயே கலக்குங்கள்.

இவ்வளவு செய்தும் இளகினால் முதல் மருந்து குளிர். கிண்ணத்தோடு 40 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஸ்பாட்டுலாவால் இரண்டு முறை புரட்டிப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் 60 கிராம் வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி, சூடு ஆறிய பின் கலந்து மறுபடி குளிர வையுங்கள். அதிலுள்ள கோகோ பட்டர் குளிர்ந்ததும் இறுகி ஃப்ராஸ்டிங்கைத் தாங்கும். சற்று இனிப்பு கூடும், அவ்வளவுதான்.

முட்டை இல்லாமல் செய்ய முடியுமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். முடியும். ஒரு முட்டைக்குப் பதில் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டி நீர் 3 டேபிள்ஸ்பூன் எடுத்து, சர்க்கரையோடு நன்றாக நுரைக்க அடியுங்கள். அதிலிருக்கும் புரதம் முட்டை வெள்ளை போலவே நுரைக்கும் என்பதால் மேல் ஏடுகூட ஓரளவு வரும். தயிர் போட்டால் ஏடு வராது, பதமும் கேக் பக்கம் சாயும். எதுவானாலும் மைதாவை 15 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துண்டு போடும்போது உடையும்.

துண்டு போடுவதற்கு முன் ஃப்ராஸ்டிங் தடவிய டின்னை ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இறுக விடுங்கள். நீளமான கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒரே அழுத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடையுங்கள். 16 துண்டுகள் வரும். கிரீம் சீஸ் கெடக்கூடிய பொருள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை நன்றாக இருக்கும். சாப்பிடுவதற்கு 20 நிமிடம் முன் எடுத்து வைத்தால் உள்ளே இறுகிய சாக்லேட் மறுபடி நெகிழும். அதிகமாகச் செய்து சேமிக்க வேண்டுமானால் ஃப்ராஸ்டிங் தடவாத பிரவுனியைச் சுற்றிக் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு மாதம் வைக்கலாம்.

ஃப்ரிட்ஜில் கிடக்கும் அந்த நான்காவது தட்டைக் குப்பையில் போட வேண்டாம். பிரவுனியின் மேல் இருக்கும் ஃப்ராஸ்டிங்கை வழித்து ஒரு கிண்ணத்தில் எடுங்கள். பிரவுனியைக் கையால் உதிர்த்து, இரண்டு ஸ்பூன் சூடான கெட்டிக் காபி தெளித்துப் பிசிறுங்கள். அது காய்ந்துபோனது மறைந்துவிடும். கண்ணாடி டம்ளரில் ஒரு அடுக்கு உதிரி, ஒரு அடுக்கு அந்த இளகிய கிரீம், நடுவே புளிப்பான பழத்துண்டுகள் என்று மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு மணி நேரம் குளிர வையுங்கள். உதிரியில் சர்க்கரை குறைவு, கிரீமில் அதிகம். டம்ளருக்குள் இரண்டும் சரியாகிவிடும். செய்து இரண்டு மூன்று நாளுக்குள் என்றால் இன்றே செய்துவிடுங்கள்.